சிறப்பு ழகரம்

சாட்சிகள் அமரும் நீண்ட மரப்பலகையின் வலது ஓரத்தில், வெயில் தம் செருப்பு நுனியைத் தொடுவதற்கு இன்னும் ஒரு சாண் மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்து அமர்ந்த பூவலிங்கம், நாக்கின் நுனியை உள்நோக்கி மடித்து, மேலண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, ஓசை வெளியே கசியாதபடி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்: புழு. பிசிறில்லாமல் வந்தது. அறுபத்து மூன்று வயதிலும், கீழ்வரிசைப் பற்கள் இரண்டு விடைபெற்றுப் போன பின்னும், அந்த எழுத்து மட்டும் அவரைக் கைவிடவில்லை. இந்த நீதிமன்ற வளாகத்துக்குள் கறுப்பு அங்கி படபடக்க இங்குமங்கும் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரிலும் அந்தச் சொல்லை அதன் பிறப்பிடத்திலிருந்து எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள் என்பது அவருடைய கணிப்பு. மற்றவர்களுக்கு அது புளு. பழம் பளம், வாழை வாளை, மழை மளை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூட வாசலைவிட்டு வெளியேறியவர், அதன்பின் பலகாரம் மடித்து வந்த காகிதங்களிலும், பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய அட்டையில்லாத அகராதி ஒன்றிலும் தாமாகவே படித்து வளர்ந்தவர், படித்தவர்களைவிட ஓரெழுத்தாவது கூடுதலாக வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும்போது அவருடைய முதுகு தானாகவே நிமிர்ந்துகொள்ளும். இப்போதும் நிமிர்ந்தது. நிமிர்ந்த மறுகணமே, எதிர்ப்பலகையில் மடியில் ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்த செண்பகவல்லியைப் பார்த்ததும், நிமிர்ந்தது மெல்லத் தளர்ந்தது. அரசு மருத்துவமனையின் பிணவறையில் முப்பத்தோராண்டு ஊழியம் பார்த்து ஓய்வுபெற்ற அவரை இன்று இங்கே அழைத்திருப்பது அவளுக்காகத்தான். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை நண்பகலில் அவருடைய மேசைக்கு வந்துசேர்ந்த கோட்டைச்சாமி என்பவனின் உடம்பில் அவர் கண்டது என்ன? அதற்கு விடையாக ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். கோட்டைச்சாமி அவளுடைய புருஷன். ஞாயிறு மாலை பம்புசெட் அறை வாசலில் இருவரும் வாய்த்தகராறு செய்ததைக் கண்டவர்கள் உண்டு. திங்கள் விடியற்காலை, தங்கையின் பிரசவத்துக்காக அவள் திருச்சிக்குப் பேருந்து ஏறியதைக் கண்டவர்களும் உண்டு. புதன் காலை அந்த அறையில் அவன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். ஞாயிறே செத்திருந்தால் கொன்றவள் அவள். செவ்வாயன்று செத்திருந்தால், அன்று அவள் முழுநாளும் தங்கையின் கட்டிலருகே நின்றதற்குத் திருச்சியில் சாட்சி இருக்கிறது. அந்த இரண்டு நாளுக்கு நடுவே நின்று அளந்து சொல்ல வேண்டிய டாக்டரோ மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எழுதிவைத்த அறிக்கையில் ஒற்றை ஆங்கிலச் சொல்தான் இருக்கிறது, அதற்கு நேர்த்தமிழ் புழு. எவ்வளவு பெரிய புழு என்று அதில் இல்லை. போலீசாரின் வாக்குமூலத் தாளில், பூவலிங்கம் என்கிற பெயருக்குக் கீழே, அதே சொல் தமிழில் இருக்கிறது. புழு வளர மூன்று நாள் வேண்டும், ஆகவே ஞாயிறு, என்று அரசு வக்கீல் முடித்துவிட்டார்.

ஒரு சொல்லுக்குள் மூன்று நாளை அடைத்துவிட்டார்கள் என்று பூவலிங்கம் நினைத்தார். அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாகத் தோன்றவே இன்னொரு முறை நினைத்தார். புழு. அகராதியில் அதன் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் அவருக்குப் பழக்கம். புழுவுக்கு அடுத்து புழுக்கம், அதாவது இப்போது சட்டைக்குள் ஊறிக்கொண்டிருப்பது, அதற்கடுத்து புழுக்கல், வெந்த சோறு, புழுக்கை, ஆட்டின் சாணம், அடிமை என்றும் ஒரு பொருள், புழுகு, புனுகுப்பூனையின் வாசனை, புழுங்குதல், உள்ளே வேகுதல், புழுதி. நாற்றமும் வாசனையும் சோறும் சாணமும் அடிமையும் மண்ணும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன, நடுவீடு புழுவுடையது. புழுவுக்கு மாற்றுப் பெயராகக் கீடம் என்று போட்டிருந்தது, கிருமி என்று போட்டிருந்தது. கிருமி என்பது கண்ணுக்குத் தெரியாதது என்று இப்போது ஆக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். ஜனங்கள் அந்தச் சொல்லை நடத்துகிற விதத்தில்தான் அவருக்கு மனத்தாங்கல். புழுவைப் போலப் பார்த்தான் என்பார்கள்; புழுவாய்த் துடித்தான் என்பார்கள்; புழுத்துச் சாவாய் என்று வாயாரச் சபிப்பார்கள். பேச்சியே, அவருடைய மனைவியே, கோபம் வந்தால் பால்காரனை "ஒன் நாக்குல புளு வைக்க" என்றுதான் தொடங்குவாள். எந்தப் புழு, எத்தனை நாள் புழு என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? குனிந்து பார்த்தவன் ஒருவனும் இல்லை. அவர் பார்த்திருக்கிறார். உலகத்தில் பொய் சொல்லாத ஜீவன் ஒன்று உண்டென்றால் அது ஈயின் குஞ்சுதான் என்று அவர் துணிந்து சொல்வார். செத்தவனின் பெண்டாட்டி பொய் சொல்வாள், பங்காளி பொய் சொல்வான், விஷப் புட்டி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்லும், அது சொல்லாது. பகல் வெளிச்சத்தில் தாய் ஈ வந்து இட்டுப்போன வேளையிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். முதலில் தேங்காய்த் துருவலைக் கிள்ளி வைத்தாற்போல மூக்கோரத்திலும் கண்ணிமையிலும் காயத்தின் விளிம்பிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கும்: அதற்கு அவர் வைத்த பெயர் துருவல். மறுநாள் அது அவிழ்ந்து, தைக்கிற நூலின் நறுக்கைப் போல, உற்றுப் பார்த்தாலன்றி அசைவு தெரியாதபடி நெளியும்: அது நெளி. மூன்றாம் நாள் கொழுத்து, வெந்த பருக்கை அளவுக்கு வந்துவிடும்: சோறு. அதற்கும் பிறகு உடம்பைவிட்டு இறங்கி, மூலைகளுக்குப் போய், பழுப்பேறிச் சுருண்டு இறுகிக் கிடக்கும்: விதை. நான்கு சொற்களையும் எந்தப் பண்டிதரும் அவருக்குத் தரவில்லை. பிணவறையின் ஒற்றைச் சன்னல் வெளிச்சத்தில், எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய இடத்தில் நின்று, தாமே பார்த்துப் பெயரிட்டார். துருவலைப் பற்றி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட, பேச்சி ஒரு மாதம் தேங்காய்ச் சட்னி அரைக்கவில்லை. புழு என்ற சொல்லை அவர் மூன்றாம் நாளுக்கு மட்டுமே ஒதுக்கியிருந்தார். சோறு என்று வெளியில் சொல்ல முடியாதபோது, மேலதிகாரிகள் முன்னிலையில், புழு. அன்று மேசைமேல் கிடந்தவனிடம் அவர் கண்டது நெளி. நெளிதான். அது நெளி.

"என்ன புலவரே, வெயிலு காலுக்கு வந்துருச்சு, இங்கிட்டுத் தள்ளி உக்காரும்" என்ற குரல் அவரை உலுக்கியது. ஏட்டு தவசி. அந்தப் புதன்கிழமை வாக்குமூலம் எழுதியவர். இப்போது அவரும் ஓய்வுபெற்று, சர்க்கரை வியாதியில் பாதி உடம்பு கரைந்து, சட்டைக்குள் வேறு யாரோ ஒருவர் போல இருந்தார். அவரை முதலில் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் பஸ் ஒன்றரைக்குத்தான் என்பதால் திரும்பி வந்து பலகையில் சாய்ந்துகொண்டார். "நாலு வாட்டி சம்மன், நாலு வாட்டி வாய்தா. இன்னைக்குத்தான் விட்டாய்ங்க" என்றார் ஏட்டு. "அந்தச் செண்பகவல்லிக்கு வாதாடுற வக்கீலம்மா இருக்கே, எஸ்தரு, சின்னப் புள்ளதான், கேள்வியா கேக்குது. 'பூவலிங்கம் சொன்னத மாத்தி எழுதுனீங்களா'ங்குது. முப்பது வருசம் பேனா பிடிச்சவன்யா நான். அவரு வாயில வந்ததத்தான் எழுதுனேன்னு சொல்லிட்டேன்." பூவலிங்கம் வெயில் ஏறிய செருப்பு நுனியைப் பார்த்தார். நான்கு மாதங்களுக்கு முன் அந்த எஸ்தர் வீடு தேடி வந்து, தாளை நீட்டி, "ஐயா, இதுல புழுன்னு இருக்கே, நீங்க வேற மாதிரி சொல்றீங்களே?" என்று கேட்டபோது, "ஏட்டு தப்பா எழுதியிருப்பாரு" என்று அவர்தாம் சொன்னார். சொல்லிவிட்டு அந்த இரவு முழுக்கப் புரண்டார். ஏட்டு குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஒம்மையும் அதத்தான் கேப்பாய்ங்க. புளுவப் பாத்தீரா? ஆமான்னுட்டு எறங்கி வந்துரும். சேந்து பஸ் ஏறிரலாம்." "புழு" என்றார் பூவலிங்கம். சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. இருமலைப் போல வந்துவிட்டது. ஏட்டு தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். எதிர்ப்பலகையில் செண்பகவல்லிகூட ஒரு கணம் தலைதூக்கினாள். "அட, அன்னைக்கும் இதத்தான்யா சொன்னீரு!" என்றார் ஏட்டு. "அச்சு அசல் இப்பிடியே! மாறவே இல்லையே மனுசன்!"

அன்றைக்கும் இதைத்தான். ஆம். நான்கு மாதங்களாக எந்தக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தாரோ அதை ஏட்டு சிரித்தே திறந்துவிட்டார். பிணவறை வராந்தா, பினாயில் வாடை, ஏட்டின் மடியில் அட்டை, அட்டையில் தாள், ஓரடி தள்ளிக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கும் டாக்டர், அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர், பட்டணத்துப் படிப்பு. ஏட்டு தலை நிமிராமல் கேட்கிறார்: "என்னய்யா, பொணத்துல என்ன கெடந்துச்சு? புளுவா?" நெளி என்ற சொல் அவருடைய நாக்கில் வந்து நின்றது, நின்றது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அது என்ன சொல்? அவர் அகராதியில் தேடிப் பார்த்திருக்கிறார்: நெளி, வளைவு, ஒருவகை மோதிரம். மோதிரம் என்று போட்டிருந்த இடத்தில் தம்முடைய பொருளைப் பென்சிலால் எழுதிவைக்கலாம் என்று எண்ணி, அச்சிட்டதன் பக்கத்தில் கையெழுத்தா என்று கூசி விட்டுவிட்டவர் அவர். டாக்டருக்கு முன்னால், படித்தவருக்கு முன்னால், பிணவறைப் பேச்சையா பேசுவது? அந்தக் கூச்சத்தின் நடுவே காதில் உறுத்தியது அந்த ளு. புளுவாம். உறுத்தலைத் தாங்க முடியவில்லை. "புளு இல்ல ஏட்டையா" என்றார். ஏட்டு பேனாவை நிறுத்தினார். "புளு இல்லையா?" "புழு. சிறப்பு ழகரம். அழகுக்கு வர்ற ழ." டாக்டர் கைக்குட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தார், இகழ்ச்சியான சிரிப்பல்ல, மெய்யாகவே வியந்த சிரிப்பு. "பரவாயில்லையே!" என்றார். ஏட்டு, ழகரம் போட்டு, அழகாக, எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் 'பரவாயில்லையே'யை வைத்துக்கொண்டு பூவலிங்கம் ஐந்து வருடம் வாழ்ந்தார். டீக்கடையில் சொன்னார், சம்பந்தி வீட்டில் சொன்னார், ஓய்வுபெற்ற நாளில் மாலையும் கழுத்துமாக நின்று சொன்னார்: டாக்டரே பரவாயில்லையேன்னார். கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சி, "சோத்துல கல்லு கெடந்தா ஒங்களுக்குத் தெரியாது, சொல்லுல ழ இல்லேன்னா மட்டும் பல்லுல கடிபடும்" என்றாள். அவர் அதைச் சிலேடை என்று ரசித்தார். அதே ஐந்து வருடத்தில் முதல் ஏழு மாதத்தை எதிரில் இருப்பவள் சிறைக்குள் கழித்தாள் என்பது எஸ்தர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தங்கைக்குப் பிறந்த குழந்தை தவழ்ந்ததை அவள் பார்க்கவில்லையாம். ஏழு மாதம், ஒரு பரவாயில்லையே. தராசின் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்க்கவே கூடாத பண்டங்கள். கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார்.

வெயில் செருப்பைத் தாண்டிக் கணுக்காலில் ஏறியது. தள்ளி உட்காரத் தோன்றவில்லை. உள்ளே யாருடைய வழக்கோ நடக்க, டவாலியின் குரல் ஏதோ ஒரு பெயரை மூன்றுமுறை கூவி ஓய்ந்தது. தம் பெயர் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது. நேரம் இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போதுதான் அந்தக் கேள்வி தலையை நீட்டியது: பார்த்தது நெளிதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவர் நெளியைப் பார்த்த நாள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சோற்றைப் பார்த்த நாள்களும் அப்படியே. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு மேசையை மனம் சரியாகத்தான் எடுத்துத் தருகிறதா, அல்லது வக்கீலம்மா ஆவலோடு நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்து, "அப்ப அது சின்னதா ஐயா?" என்று கேட்டாளே, அந்த ஆவலுக்கு ஏற்ப எடுத்துத் தருகிறதா? கண்ணை மூடிக் கோட்டைச்சாமியின் காதைப் பார்த்தார். வலது காது. மடலின் வளைவுக்குள் உறைந்த ரத்தம், அதன் விளிம்பில், நூல் நறுக்குகள். நூல்தானா? உற்றுப் பார்க்கப் பார்க்க அவை தடித்தன. பருக்கையாயின. பதறிக் கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார், இப்போது நூல். நினைத்தபடியெல்லாம் வளர்ந்து சுருங்கும் ஒன்று சாட்சியாகுமா? உண்மையான நெளி நினைத்தால் வளராது, நேரமானால்தான் வளரும். பார்த்ததை நினைவில் வைத்திருக்கிறோமா, பார்த்ததற்கு இட்ட பெயரை நினைவில் வைத்திருக்கிறோமா? தாளில் புழு என்று இருக்கிறது. தாளுக்கு ஐந்து வயது, அது அன்றைக்கே பிறந்தது. அவருடைய நெளியோ நான்கு மாதத்துக் குழந்தை. எதை நம்புவது? உள்ளே போய், ஆமாம் புழுதான், என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. ஏட்டுக்குச் சங்கடமில்லை, செத்த டாக்டருக்குச் சங்கடமில்லை, டீக்கடைக் கதையும் பழுதுபடாது. புழு, புழுக்கம், புழுக்கை, புழுகு. ஒரு ஈ வந்து அவருடைய முழங்காலில் அமர்ந்தது. பச்சைப் பளபளப்பு உள்ளது, தாய்மார் ஜாதி. முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. உன் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு, தாயே, என்றார் மனத்துக்குள். அது பறந்து எதிர்ப்பலகைக்குப் போயிற்று.

அங்கே செண்பகவல்லி தூக்குவாளியைத் திறந்திருந்தாள். எந்நேரம் கூப்பிடுவார்களோ, பசியோடு கூண்டில் நின்று மயங்கிவிடக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். தயிர் பிசைந்த வெள்ளைச் சோறு. ஈயை ஒரு கையால் விரட்டிவிட்டு, மறுகையால் சிறு கவளமாக உருட்டி, வாய்க்குக் கொண்டுபோய், சற்று நிறுத்தி, பிறகு உண்டாள். கவளத்திலிருந்து ஒரு பருக்கை அவளுடைய புறங்கையில் ஒட்டிக்கொண்டது. பூவலிங்கம் அந்தப் பருக்கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய அடிவயிற்றில் ஏதோ ஒன்று, சொற்களுக்கெல்லாம் மூத்த ஒன்று, புரண்டு எழுந்தது. சோற்றைப் பார்த்த நாளில் அவர் சோறு உண்டதில்லை! முப்பத்தோராண்டில் ஒருநாள்கூட உண்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், தட்டில் பரிமாறிய சோறு அசைவதுபோல் தோன்றி, முற்றத்துக்கு ஓடிக் குமட்டியதிலிருந்து அதுவே வழக்கம். பேச்சியும் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே அறிந்துகொண்டு, அடுப்பில் கேழ்வரகுக் களிக்கு உலை வைத்துவிடுவாள். அந்தப் புதன்கிழமை, ஏட்டு எழுதிக்கொண்டு போன அதே புதன்கிழமை, மாலையில் பேச்சியின் தம்பி வீட்டுக் காதுகுத்து. பந்தலில் வரிசையாக உட்கார்ந்து, இலை நிறைய வெள்ளைச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். குழம்பு இல்லாமல், மோர் ஊற்றி, மூன்றாம் முறையும் கேட்டார். குனிந்து பரிமாறிய பேச்சி, பக்கத்து இலைக்காரர் காதில் விழாதபடி, கண்ணில் சிரிப்போடு சொன்னாள்: "இன்னைக்கு நல்ல பொணம் போல." டாக்டரின் பரவாயில்லையேயைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த வாயில் சோறு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சோற்றின் சூடு இப்போது அவருடைய நாக்கில் இருந்தது. பொய் சொல்லாத ஜீவன் ஈக்குஞ்சு என்றாரே, இன்னொன்றும் இருக்கிறது, அவருடைய இரைப்பை. நெளி. செவ்வாய் மாலைக்கு முந்தி எந்த ஈயும் அங்கே வரவில்லை, சன்னலுக்குக் கதவில்லாத அந்தப் பம்புசெட் அறையில் ஈ வராமல் கிடக்கப் பிணத்துக்கு வழியில்லை, ஆகவே அவன் செவ்வாயன்றுதான் செத்தான், ஆகவே அவள் அங்கே இல்லை. கணக்கு நூல் பிடித்தாற்போல நேராக ஓடி நின்றது. முதுகு நிமிர்ந்தது. இம்முறை தளரவில்லை.

"பூவலிங்கம்... பூவலிங்கம்... பூவலிங்கம்!" என்றார் டவாலி.

எழுந்தபோது கணுக்காலில் வெயில் சுட்டது தெரிந்தது. உள்ளே மின்விசிறிகளின் இரைச்சல்; உயரத்தில் கண்ணாடி அணிந்த நீதிபதி அம்மையார்; அவருக்குக் கீழே கணிப்பொறியின் முன் தட்டச்சுப் பெண். சத்தியம் வாங்கினார்கள். எஸ்தர் எழுந்து, ஊர், பேர், ஊழியம் எல்லாம் கேட்டு முடித்து, "அன்னைக்கு அந்த உடம்புல என்ன பார்த்தீங்க ஐயா?" என்றாள். "நெளி" என்றார் பூவலிங்கம். தட்டச்சு நின்றது. அரசு வக்கீல் பாதி எழுந்து, "நெளின்னா மோதிரம்ங்க. என் வீட்டம்மா கையில ஒண்ணு கெடக்கு" என்றார். அறை சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று பூவலிங்கம் காத்திருந்தார். பிணவறையில் காத்திருக்கக் கற்றவர். "புழுவைத்தான் உங்க பக்கம் அப்படிச் சொல்வாங்களா?" என்று கேட்டார் நீதிபதி. "இல்லம்மா. புழு பெருசு. சோத்துப் பருக்கை மாதிரி. அதுக்கு மூணு நாளாகணும்." தோள் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அதன் நுனியை நகத்தால் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். அரசு வக்கீலும் வேண்டாவெறுப்பாக எட்டிப் பார்த்தார். "இது நெளி. முட்டை பொரிஞ்ச மொத நாளு. அவன் வலது காதுல இதுதான் இருந்துச்சு. பருக்கை ஒண்ணுகூட இல்ல."

அரசு வக்கீல் இப்போது முழுமையாக எழுந்தார். தாளைத் தூக்கிப் பிடித்தார். "அப்ப இது யார் சொன்னது? 'புழு இருந்ததாக உறுதிபடக் கூறினார்'னு இருக்கு. நீங்க சொல்லாமலா போலீஸ் எழுதுச்சு? இல்ல, இன்னைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?" கதவருகே, மற்ற முகங்களுக்கு நடுவே, ஏட்டு தவசியின் ஒடுங்கிய முகம் தெரிந்தது. ஏட்டு தப்பா எழுதிட்டாரு என்ற வாக்கியம், எஸ்தரிடம் ஒருமுறை சொல்லிப் பழகிய வாக்கியம், வழவழவென்று நாக்கில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் கூண்டில் அவள். கை கழுவ நேரமில்லாமல் வந்தவள், புறங்கையில் பருக்கை இன்னும் ஒட்டியிருந்தது. அவருடைய வாழ்நாளின் ஒரே பாராட்டு, மூக்கை மூடிய கைக்குட்டை இறங்கிய அந்தக் கணம், ஒருமுறை அவர் முன்னால் வந்து நின்று போயிற்று.

"ஏட்டையா மேல தப்பில்லம்மா" என்றார் நீதிபதியைப் பார்த்து. "அவரு 'புளுவா'ன்னு கேட்டாரு. ளு போட்டுக் கேட்டாரு. எனக்கு அது காதுல உறுத்துச்சு. பக்கத்துல டாக்டரு வேற நின்னாரு. 'புளு இல்ல, புழு, சிறப்பு ழகரம்'னு சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு." கதவருகே நின்ற ஏட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "எழுத்தத் திருத்துனேன். சங்கதியத் திருத்தாம விட்டுட்டேன். பெருமைக்குச் சொன்னதும்மா அது. பாத்தது நெளிதான்."

யாரும் சிரிக்கவில்லை. அரசு வக்கீல் ஏதோ கேட்க வாயெடுத்து, தாளைப் பார்த்து, ழகரத்தைப் பார்த்து, அமர்ந்துவிட்டார். கதவருகே ஏட்டு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். செண்பகவல்லி அன்றைக்கு முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியா, ஏழு மாதத்தின் கணக்கா என்று பிரித்தறிய அவருக்குத் தெரியவில்லை, பிரித்தறிய முயலவும் இல்லை. இரண்டும் தமக்கு உரியவையே என்று ஏற்றுக்கொண்டார்.

"நெளி..." என்று நீதிபதி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இந்தப் பொருள்ல அகராதியில இருக்கா?"

"இல்லம்மா. நான் பாத்து வச்ச பேரு."

நீதிபதி அவருடைய உள்ளங்கையில் இருந்த நூலை இன்னொருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தட்டச்சுப் பெண்ணின் பக்கம் திரும்பி, "சாட்சி சொன்னதை அப்படியே போடும்மா. நெளி. அடைப்புக்குறிக்குள்ள, நூல் அளவு, முதல் நாள்" என்றார். அந்தப் பெண் விசைப்பலகையின்மேல் விரல்களைத் தூக்கி நிறுத்தியபடி, பூவலிங்கத்தைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஐயா, எந்த ளி? சிறப்பு ழி-யா?"

"இல்ல தாயி" என்றார் பூவலிங்கம். "பள்ளிக்கூடத்துக்கு வர்ற ளி. சாதா ளி."

அவள் அடித்தாள். திரையில் அந்தச் சொல் ஏறுவதை, கூண்டின் கம்பியைப் பிடித்தபடி, எட்டி நின்று அவர் பார்த்தார். அச்செழுத்து.